பி செக்‌ஷனின் ஐந்து மார்க்

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்று தென்காசித் தபாலாபீசில் யாருடைய பார்சலுக்கோ அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலத்தில் அரக்கு வைப்பதே அபூர்வம். சிவப்புக் குச்சி மெழுகுவர்த்தியில் உருகி அந்த வாசனை எழுந்ததும் நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற அண்ணாச்சி தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல ஓரடி தள்ளி நின்றுகொண்டார். நான் தேடியது உங்களை. நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. செங்கோட்டைக்குத் துட்டி கேட்க வந்து, மாலை போட்ட உங்கள் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள்தான் நான். இருந்தாலும் அரக்கு வாசனை வந்தால் நீங்கள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறீர்களா என்று பார்ப்பது நாற்பது வருடமாக ஊறிப்போன பழக்கம். ஒரு தரம் அப்படி எட்டிப் பார்த்தீர்கள் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் போய்ச் சொல்லவும் செய்தேன்.

என் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. பால்காரர் செம்பைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் மாட்டுக்குக் கீழே வைக்கவே விடுவேன். பள்ளிக்கூடத்தில் என் மேஜை டிராயரை மூடும்போது தலைமுடி ஒன்றை இடுக்கில் வைத்து மூடுவேன். மறுநாள் காலையில் முடி இருந்த இடத்தில் இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். முடியைக் காணாத நாட்களில், காற்று கொண்டுபோயிருக்கும் என்று ஒரு தரம்கூட எனக்குத் தோன்றியதில்லை. யார் கை வைத்தது என்றுதான் தோன்றும்.

அப்படிப்பட்டவளிடம் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் கேள்வித்தாளைக் கொடுத்திருந்தார் நம் தலைமையாசிரியை. அவரை நாம் எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வோம். ஏ, பி இரண்டு செக்‌ஷனுக்கும் ஒரே தாள். ஸ்டென்சிலை நானே எழுதுவேன். அட்டெண்டர் சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றும்போது பக்கத்தைவிட்டு நகரமாட்டேன். மை அப்பிக் கெட்டுப்போன தாள்களையும் ஸ்டென்சிலையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போடுவேன். உறைக்கு அரக்கு வைத்து என் மோதிரத்தால் அழுத்துவேன். வாக்கியங்கள் எல்லாம் என் சொந்தச் சரக்கு. நோட்ஸ் புத்தகங்களில் இருப்பதைத் தொடமாட்டேன். ஒரு பரீட்சையில் போட்ட வாக்கியத்தை மறு பரீட்சையில் போட்டதே கிடையாது. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு என்று நீங்களே ஒரு தரம் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். அந்தச் சிரிப்பையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

நீங்கள் எங்கள் தென்காசிப் பள்ளிக்கு வந்தது, உங்கள் செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம் ராஜ்யத்தோடு சேர்ந்து நாலைந்து வருடம் கழித்து. திருவிதாங்கூர்ப் படிப்பு, வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை. காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போவீர்கள். எதைக் கேட்டாலும் "சாரமில்ல டீச்சர்" என்பீர்கள். பரவாயில்லை என்று அர்த்தமாம், மலையாளத்து வழக்கு. எதற்கெடுத்தாலும் பரவாயில்லை என்கிற ஆளை எப்படி நம்புவது என்று எனக்கு முதல் வாரமே தோன்றிவிட்டது. உங்கள் வேலை அப்போது தற்காலிகம்தான். அந்த வருடக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கவாதம். காலையில் குளிப்பாட்டி, சாதம் ஊட்டி, சாயங்காலம் திரும்பிப் பார்க்கும் தூரத்தில் வேறு பள்ளிக்கூடம் இல்லை. இந்த வேலை நிலைக்கவேண்டும் என்று நீங்கள் என்னிடமே இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்களுக்குக் கொடுத்தது பி செக்‌ஷன். அந்த வகுப்பில் பாதிப்பேர் பழைய பிள்ளைகள், ஒரு வருடமோ இரண்டு வருடமோ தவறி அங்கேயே தங்கிவிட்டவர்கள். மீதிப்பேர் கீழப்பாவூர் பக்கத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வருகிறவர்கள். காலாண்டுப் பரீட்சை முடிந்து இரண்டு செக்‌ஷன் பேப்பரையும் நானே திருத்த உட்கார்ந்தேன். நான்காவது கேள்வி ரிலேட்டிவ் ப்ரோனவுன். ஐந்து வாக்கியம், ஐந்து கோடிட்ட இடம், ஐந்து மார்க். ஹூ, விச் எல்லாம் மேலே எழுதிக் கொடுத்திருக்கும், எது எங்கே பொருந்தும் என்று பார்த்து நிரப்ப வேண்டும். என் ஏ செக்‌ஷன் பிள்ளைகளே மூன்று வாங்கினால் பெரிது. பி செக்‌ஷனில் முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் ஐந்துக்கு ஐந்து. தன் ஊர்ப் பெயரைக்கூட இங்கிலீஷில் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதத் தெரியாதவளும் ஐந்துக்கு ஐந்து.

கீழப்பாவூர்ப் பெண் ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். "ஏட்டி, ஹூம்னா என்ன அர்த்தம்?" அவளுக்குத் தெரியவில்லை. "பெறகு எப்படிட்டி சரியா எழுதின? யாரு சொல்லித் தந்தா?" அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே வராந்தாவில் நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்கள். அவ்வளவுதான், எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் "கேள்வித்தாள் முடிஞ்சுட்டா டீச்சர்?" என்று நீங்கள் கேட்டது ஞாபகம் வந்தது. நான் அரக்கு உருக்கிக்கொண்டிருந்தபோது குடையை மறந்துவிட்டேன் என்று அறைக்குள் வந்தது ஞாபகம் வந்தது. மழையே இல்லாத அன்றைக்கு எதற்குக் குடை என்று யோசித்தேன். வெயிலுக்கும் குடை பிடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன.

பெரிய டீச்சரிடம் போனேன். என் சந்தேகத்தைச் சந்தேகம் என்று சொல்லாமல் நடந்ததுபோலவே சொன்னேன். அவர் உடனே உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் பி செக்‌ஷனுக்கு மறுபடி வைக்கலாம் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை ஏதோ ஆபீஸ் வேலை என்று உங்களைத் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார். முந்தின நாள் ராத்திரி மேலகரத்தில் என் அண்ணன் வீட்டு மச்சில், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு புதிதாக ஐந்து வாக்கியம் எழுதினேன். அவற்றைக் கைப்பையில் வைத்து, பஸ்ஸில் பையை மடியிலிருந்து இறக்காமல் கொண்டுவந்தேன். போர்டில் நானே எழுதிப்போட்டேன். பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தேன்.

இந்தத் தரம் முப்பத்தைந்து பேர் ஐந்துக்கு ஐந்து.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில், சரி, அந்த டீச்சர்மேல் தப்பில்லை என்று நினைத்திருப்பார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் யார், அவளுக்குச் செங்கோட்டையில் சொந்தம் உண்டா என்று அண்ணனை விசாரிக்கச் சொன்னேன். அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திருநெல்வேலியிலிருந்து திரும்பிய உங்களுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று எதிர்பார்த்து நானும் தயாராகத்தான் இருந்தேன். அடுத்த சனிக்கிழமை குற்றாலத்துக்கு வாங்க என்று கூப்பிட்டீர்கள். எதற்கு என்று இரண்டு நாள் தூக்கமில்லை. சமாதானத்துக்கா, தனியாக வைத்து மிரட்டவா? என்னதான் செய்வாள் பார்ப்போம் என்று வந்தேன். சீசன் முடிகிற சமயம், கூட்டம் இல்லை. சாரல் மட்டும் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு படியில் உட்கார்ந்தோம். கடைசி மங்குஸ்தான் என்று ஒரு கூறு வாங்கி என் பக்கம் நகர்த்தினீர்கள். லஞ்சமாக இருக்குமோ என்று நான் தொடவில்லை. தொடாதது நஷ்டம்தான், அந்த வருடம் எனக்கு மங்குஸ்தானே கிடைக்கவில்லை.

பிறகு துணிப்பையிலிருந்து, மெழுகுத்தாளில் சுற்றிய காகிதக் கட்டு ஒன்றை எடுத்தீர்கள். என் பழைய கேள்வித்தாள்கள். ஆறு வருடத்துத் தாள்கள். பிள்ளைகளும் அவர்களுடைய அக்காமார்களும் பெட்டியில் போட்டு வைத்திருந்ததை வாங்கி வந்ததாகச் சொன்னீர்கள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. வாக்கியத்த விட்டுருங்க. விடைய மட்டும் வரிசையா சொல்லிட்டு வாங்க."

முதல் தாளை எடுத்துச் சொன்னேன். ஹூ, ஹூஸ், ஹூம், விச், தட். அடுத்த தாள். ஹூ, ஹூஸ், ஹூம், விச், தட். மூன்றாவது தாளில் ஹூஸ் வந்ததும் நிறுத்திவிட்டேன். கேள்வித்தாள் எழுத உட்கார்ந்தால் முதல் வேலையாக ஓரத்தில் ஐந்து விடையையும் மேலிருந்து கீழாக எழுதிக்கொள்வேன், நான் படித்த இலக்கணப் புத்தகத்து அட்டவணையில் இருந்த வரிசையிலேயே. பிறகு ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக வாக்கியம் யோசிப்பேன். வாக்கியத்தை மாற்ற அவ்வளவு பாடுபட்டவள் அந்த ஓரத்தை மட்டும் ஒரு நாளும் மாற்றவில்லை. போர்டில் எழுதிய ஐந்தும்கூட அதே வரிசைதான். தவறித் தவறி அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த பழைய பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். முடி வைத்து மூடிய டிராயரையோ அரக்கு வைத்த உறையையோ அவர்கள் தொடவேண்டியிருக்கவே இல்லை.

நான் அப்போது உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "இது வேற யாருக்குத் தெரியும்?" என்பதுதான்.

"பி செக்‌ஷன்ல எல்லாத்துக்கும் தெரியும். பெரிய டீச்சருக்குத் தெரியாது."

"நீங்க ஏன் அவங்கள்ட்ட சொல்லல?"

"நான் சொன்னா உங்கமேல கோள் சொல்லுத மாதிரி இருக்கும், நம்பவும் மாட்டாங்க. பிள்ளைகளுக்கும் அந்த அஞ்சு மார்க்கு போயிரும். பாதிப் பேருக்கு இதுதான் மொத பாஸாக்கும். நீங்க சொன்னா பக்குவமா சொல்லுவீங்க. என் பேரு தெளிஞ்சா போதும் டீச்சர்."

திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றேன். நீங்கள் சந்தோஷமாகச் செங்கோட்டை பஸ் ஏறினீர்கள்.

திங்கட்கிழமை காலை பெரிய டீச்சர் அறை வாசல்வரை போனேன். அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவர், அந்த நாற்காலி எனக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். ஆறு வருடமாகக் கேள்வித்தாளை வெளியே விட்டது நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? நிலைப்படியில் நிற்கும்போதே எனக்கு இன்னொன்றும் தோன்றியது. இவள் ஏன் இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள்? என் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்து என்னைக் கவிழ்ப்பதற்கான ஏற்பாடோ? அந்தச் சந்தேகம் வந்தது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன். சாக்குக் கிடைத்துவிட்டது. திரும்பி வகுப்புக்குப் போய்விட்டேன்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. ஐந்து விடையையும் துண்டுச் சீட்டில் எழுதி, செம்பில் போட்டுக் குலுக்கி எடுத்து, வந்த வரிசையில் வாக்கியம் எழுதினேன். பி செக்‌ஷன் பிள்ளைகள் பழைய வரிசையையே எழுதி வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். மார்க் பட்டியலைப் பார்த்த பெரிய டீச்சர் என்னை அழைத்தார். "பாத்தீங்களா டீச்சர்? இந்தத் தடவ நம்ம கண்ணு பூரா அவங்க மேல இருந்துச்சு, ஒண்ணும் சொல்லிக் குடுக்க முடியல. குட்டு வெளிப்பட்டுட்டு" என்றார். வரிசையை மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேஜைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தப்பை நான் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டது உங்கள்மேல் குற்றமாக விழுந்தது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அந்த வருடம் முழுக்க உங்களைக் கண்காணித்தேன். அந்தப் பழைய தாள்கள் எல்லாம் உங்கள் பையில்தானே இருக்கின்றன? நீங்கள் பெரிய டீச்சர் அறைக்குள் போகும்போதெல்லாம் எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். வெளியே வரும்போது முகத்தைப் பார்ப்பேன். நீங்கள் மறுபடி என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. சரியான சமயத்துக்குக் காத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் உங்களை நிரந்தரமாக்க இயலாது என்று கடிதம் கொடுத்தார்கள். கடைசி நாளில் ஆசிரியர் அறைக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டீர்கள். ராயகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றீர்கள். என்னிடம் வந்தபோது, "அம்மையக் கொண்டுட்டுப் போணும், அதான் சங்கடம். சாரமில்ல டீச்சர்" என்றீர்கள். அப்போதுகூட என் கண் உங்கள் துணிப்பை மேலேயே இருந்தது.

உங்கள் அம்மா மறு வருடமே ராயகிரியில் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். சொந்த ஊரில் கண்ணை மூடவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நான் தலைமையாசிரியை ஆனேன். நீங்கள் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு செங்கோட்டைக்குத் திரும்பினீர்கள். வருடா வருடம் உங்களிடமிருந்து பொங்கல் வாழ்த்து வரும். உறையைப் பிரிக்கும் முன் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன், பழைய கேள்வித்தாள் ஏதும் உள்ளே இருக்கிறதா என்று. ஒரு தடவையும் இருந்ததில்லை. உங்கள் வீட்டுக்கு நான் வந்த நாட்களில் முறுக்கும் காப்பியும் தந்தீர்கள். உங்கள் மகள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். இவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவள் முகத்தையும் நான் விடாமல் ஆராய்ந்ததுண்டு.

துட்டிக்கு வந்த அன்று அதற்கு விடை கிடைத்தது. கூட்டம் கலைந்தபிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்த முகத்தோடு, அம்மா அடிக்கடி சொல்லிச் சிரிக்கும் கதை என்று ஒன்றைச் சொன்னாள். தென்காசியில் வேலை பார்த்தபோது அம்மா கேள்வித்தாள் எழுதினால் விடைகள் எப்போதும் ஒரே வரிசையில் வருமாம். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு கேள்வியைப் படிக்காமலே மார்க் வாங்குவார்களாம். அதனாலேயே அம்மாவுக்கு அந்த வேலை போயிற்றாம். தன் முட்டாள்தனத்தால் ஆச்சியை ஊர் மாற்றிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

பேசாமலே எழுந்து வந்திருக்கலாம். நாற்பது வருடமாக அதைத்தானே செய்தேன். அன்றைக்கு முடியவில்லை.

"அது உங்க அம்மை இல்ல தாயி. நான். அந்தக் கேள்வித்தாள் நான் எழுதினது" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா சொல்லியிருக்காங்க பெரியம்மா. இதப் பத்திப் பேசினா நீங்க பழிய உங்கமேல போட்டுக்கிடுவீங்க, அவ்வளவு நல்ல மனசுன்னு."

மறுபடியும் சொன்னேன். பெரிய டீச்சர் அறை, துண்டுச் சீட்டு, செம்பு எல்லாம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், என் கையை விடவில்லை. ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்று தெரிந்தது. உங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவளை உங்கள் மகள் வெறுக்கக் கூடாது என்று இப்படிச் செய்தீர்களா? அல்லது என்றைக்காவது நான் வந்து சொல்வேன் என்று தெரிந்து, சொன்னாலும் யாரும் நம்பாதபடி கதவைச் சாத்திவிட்டுப் போனீர்களா? ரயிலில் திரும்பும்போது இதையேதான் யோசித்தேன். உங்களைப் பற்றி எனக்கு மிச்சமிருக்கும் கடைசிச் சந்தேகம் இது. நீங்கள் இருந்தபோது கேட்டிருந்தால் சாரமில்ல என்று சொல்லியிருப்பீர்கள், அதையும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

பெரிய டீச்சர் எப்போதோ போய்விட்டார். அந்தப் பிள்ளைகள் எந்தெந்த ஊரிலோ பாட்டிகளாக இருப்பார்கள். உண்மை தெரிந்து, நான் சொன்னால் நம்புகிறவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் அந்தத் திங்கட்கிழமை காலை அந்த அறைக்குள் போய்ச் சொல்லியிருக்க வேண்டியதை உங்களுக்கே எழுதுகிறேன். கேள்வித்தாளை வெளியே விட்டது பி செக்‌ஷன் டீச்சர் இல்லை. நான்.